சலமங்காவிலிருந்து வந்த சுகமான கடிதங்கள்

என் பிள்ளைக்கு,

ஞாயிற்றுக்கிழமை டெலிபோனில் நீ கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் சரியில்லை. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். மட்ரிட்டில் வேலை கிடைத்திருக்கிறது, ஒரு வருஷம் இரண்டு வருஷம் என்றில்லாமல் அங்கேயே இருக்கிற மாதிரியான வேலை, வருகிற கிழமை கையெழுத்துப் போடவேண்டும் என்று சொல்லிவிட்டு, "அம்மா, நான் போகட்டோ?" என்று கேட்டாய். "ஓம், போ மோனை. எனக்கென்ன, கோயில் இருக்கு, மோர்டன் முழுக்க எங்கடை சனம் இருக்கு" என்று நான் உடனே சொன்னேன். "நீங்கள் சும்மா சொல்லுறியள்" என்றாய். "சும்மா சொல்ல எனக்கென்ன விசரோ" என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய். ரிசீவரை வைத்த பிறகு குசினிக் கதிரையில் கனநேரம் இருந்தேன். உன் அப்பா போய் இரண்டு வருஷமாகிறது. நீ பேர்மிங்காமில் இருக்கிறபடியால் மனம் நினைத்த சனிக்கிழமை ரயிலேறி லண்டனுக்கு வந்துவிடுகிறாய். மட்ரிட்டில் இருந்து அப்படி வர ஏலாது. நீ போனால் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே இரண்டு பேரும் சிரித்துவிட்டு வைத்துவிட்டோம்.

தமிழ்ப் பள்ளி மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று என்னைக் கேட்டிருந்தார்கள். சமையல் குறிப்பு கொடுப்பதாகத்தான் சொல்லியிருந்தேன். பிறகு யோசித்தேன். பிள்ளையைத் தூர அனுப்பிவிட்டு 'நாங்கள் சுகம்' என்று எழுதுகிற தாய் இந்த ஊரில் நான் ஒருத்தி மட்டுமா? ஆகவே இதில் ஒரு பிரதி அவர்களுக்கும் போகும். உன் பெயரும் என் பெயரும் போடவில்லை. உனக்கு விருப்பமில்லை என்றால் சொல், பருப்புக்கறி எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

யூனிவர்சிற்றியில் ஸ்பானிஷ் படிக்கப்போகிறேன் என்று நீ சொன்ன நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். ரெய்னர்ஸ் லேனில் இருந்து வந்திருந்த உன் பெரியப்பா, தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்காமலே, "எல்லாற்றை பிள்ளையளும் எக்கவுண்டன்சி, எஞ்சினியரிங் எண்டு போகுதுகள். இவன் ஸ்பானிஷ் படிச்சு என்ன, மாடு பிடிக்கப் போறானோ?" என்று கேட்டார். அப்பா முகம் கறுத்துப்போய் இருந்தார். நீ மெல்ல, "இல்லைப் பெரியப்பா, முதலிலை மாட்டோடை கதைச்சுப் பாப்பன். சரிவராட்டித்தான் பிடிப்பன்" என்றாய். அப்பாவே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு அந்த வழக்கு முடிந்தது. அதற்குப் பிறகு எங்கள் குசினியில் அந்தப் பாஷைதான். நான் வெங்காயம் வெட்ட, நீ ஸ்பானிஷ் பாடக் கசெற்றைப் போட்டுவிட்டு அதோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருப்பாய். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் அது ஓடுகிற வேகமும், நாக்கை உருட்டுகிற இடமும், கடைசியில் இழுக்கிற இழுப்பும் கேட்டுக் கேட்டு என் காதில் பதிந்துவிட்டன. யாரும் தூரத்தில் நின்று கதைத்தாலும் இது அந்தப் பாஷை என்று சொல்லிவிடுவேன்.

என்னுடைய இங்கிலீஷ் எப்படி என்று உனக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இங்கே வந்த பிறகு காஸ் பில், கவுன்சில் கடிதம், வாசலில் போட்டுவிட்டுப் போகிற இலவசப் பத்திரிகை எல்லாவற்றையும் அகராதியோடு வைத்து வாசித்து நானாகப் படித்த இங்கிலீஷ் அது. வாசிக்க வரும். வாய் திறக்க வராது. வாய்க்கு நீ இருந்தாய். பள்ளிக்கூட உடுப்போடு வந்து டொக்டரிடம் எனக்காகக் கதைப்பாய். ஒருமுறை என் கால் உளைவைப் பற்றி நான் விபரமாகச் சொல்ல, நீ டொக்டர் பக்கம் திரும்பி நாலே சொல்லில் முடித்துவிட்டாய். வெளியே வந்து, "நான் இவ்வளவு நேரம் சொன்னன், நீ பாதியை விழுங்கிப்போட்டியோ?" என்று கேட்டேன். "டொக்டருக்கு உங்கடை காலைப் பற்றித்தான் தெரியவேணும் அம்மா. பக்கத்து வீட்டு மனிசி குப்பை வாளியை எங்கை வைச்சவ எண்டதைப் பற்றி இல்லை" என்றாய். அப்படி வளர்ந்த நீ, படிப்பின் மூன்றாம் வருஷம், ஒரு தவணை முழுக்க ஸ்பெயினில் சலமங்கா என்ற ஊரில் போய் இருந்து படிக்கவேண்டும் என்று வந்து நின்றபோது, அது படிப்பின் ஒரு பகுதி, கட்டாயம் என்று நீ சொன்னது மட்டும்தான் எனக்குக் கேட்டது. நான் யாரோடு கதைப்பது என்ற யோசனை நீ ஹீத்ரோவில் உள்ளே போய் மறைந்த பிறகுதான் வந்தது.

அந்தப் புரட்டாதியில் இருந்து வீடு எப்படி இருந்தது என்று உனக்கு நான் எழுதவேயில்லை. அப்பாவுக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட். பகலில் அவர் நித்திரை. அவர் எழும்பிவிடக் கூடாது என்று சட்டி பானைச் சத்தம் இல்லாமல் வேலை செய்யப் பழகினேன். தேவாரத்தைக்கூட வாய்க்குள்தான் சொன்னேன். பின்னேரம் அவர் எழும்பிச் சாப்பிட்டுவிட்டுப் போனால், கதவைச் சாத்தும்போது அவர் சொல்கிற "வாறன்" தான் அன்றைக்கு நான் கேட்ட கதை. கடையில் பொருளை வைத்தால் மெஷின் கணக்குக் காட்டும், காசைக் கொடுப்பேன், மிச்சத்தை வாங்குவேன். ஒரு சொல்லும் வேண்டியதில்லை. ஒருநாள் குளிக்கும்போது என் குரலைக் கேட்கவேண்டும் என்பதற்காகவே உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அது கரகரவென்று வந்தது.

உன்னுடைய கடிதங்கள் மட்டும் ஒழுங்காக வந்தன. நான் சுகம் அம்மா. வீட்டுக்கார அம்மா பிலார் நல்லவ, மூன்று நேரமும் சாப்பாடு தாறா. இறைச்சி சாப்பிடமாட்டன் எண்டு சொன்னதுக்கு முட்டையும் கடலையும் போட்டுச் சமைக்கிறா. கூடப் படிக்கிறவை எல்லாரும் நல்ல சிநேகிதம். பாலம் வடிவு. கோயில் வடிவு. அப்பா அதை வாசித்துவிட்டு, "பாத்தியே, ராசா மாதிரி இருக்கிறான்" என்று என்னிடம் தருவார். நான் அதைச் சாமியறையில் வைத்துவிட்டு, நாங்களும் சுகம், இங்கே மழை, அப்பாவுக்கு வேலை நல்லாய்ப் போகுது என்று பதில் எழுதுவேன். சில வெள்ளிக்கிழமைகளில் டெலிபோன் எடுப்பேன். அநேகமாக பிலார்தான் தூக்குவா. நான் உன் பெயரைச் சொல்ல, அவ உன் பெயரைச் சொல்லி அதற்குப் பின்னால் ஏதோ நீளமாகச் சொல்லுவா. நீ வீட்டில் இல்லை என்கிறா என்று நான் எடுத்துக்கொள்ளுவேன். "ஓகே" என்பேன். "ஓகே, ஓகே" என்பா. அதோடு வைக்கவேண்டியதுதான். ஆனால் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வைக்காமல் நிற்போம். அந்தப் பக்கத்தில் அவவின் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்.

கடிதத்தில் நல்லதை மட்டும் எழுத உனக்குப் பழக்கியது நான்தான். நாங்கள் இங்கே வந்த புதிதில், உன் தமிழ் மறந்துபோகக் கூடாது என்று யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மப்பாவுக்கு மாதம் ஒரு கடிதம் உன்னைக் கொண்டு எழுதுவிப்பேன். பள்ளிக்கூடத்தில் பெரிய பொடியன்கள் உன் பையைப் பறித்து வீதியில் எறிந்து, உன்னையும் தள்ளி விழுத்திய கிழமை, நீ அதை அப்படியே எழுதியிருந்தாய். முழங்கால் உரஞ்சியதையும் எழுதியிருந்தாய். நான் வாசித்துவிட்டுத் தாளைக் கிழித்துப்போட்டேன். "அங்கை ஷெல் விழுது. அம்மப்பாவுக்கு இருக்கிற கவலை காணாதோ? நல்லதை எழுது." "நல்லது ஒண்டும் நடக்கேல்லையே அம்மா." "அப்ப பனி கொட்டினதை எழுது." நீ பனியைப் பற்றி எழுதினாய். அம்மப்பாவிடமிருந்து பதில் வந்தது, எல்லோரும் சுகம், வளவு மாமரம் இந்த முறை நல்லாய்க் காய்த்திருக்கிறது என்று. கனகாலம் கழித்துத்தான் தெரியவந்தது, அதை எழுதும்போது அவர் வீட்டிலேயே இல்லை, இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார் என்று. நாங்கள் இங்கிருந்து பனியை அனுப்ப, அவர் அங்கிருந்து மாங்காயை அனுப்பிக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் இதைப் பாசம் என்று நினைத்துத்தான் செய்கிறோம். நான் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள். வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாமல் விட்டால் அது கணக்கில்லை என்று எனக்குத் தெரியும். கடிதத்துக்கும் அது பொருந்தும் என்று அப்போது தோன்றவில்லை.

அன்றைக்குக் கார்த்திகை விளக்கீடு. பின்னேரமே இருண்டுவிடுகிற காலம். யாரோ வராதபடியால் அப்பாவைப் பகல் ஷிப்டுக்கும் கூப்பிட்டிருந்தார்கள். நான் திரி திரித்துக்கொண்டிருக்க டெலிபோன் அடித்தது. பிலார். அதற்கு முதல் அவவாக எடுத்ததேயில்லை. உன் பெயரைச் சொன்னா. பிறகு சொன்னதில் ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் குரல் வழமையான குரல் இல்லை. "மை சன்? மை சன்?" என்று கேட்டேன். அவ இன்னும் சத்தமாக, இன்னும் ஆறுதலாக நிறுத்தி நிறுத்தி, அதையே திரும்பச் சொன்னா. சத்தமாகச் சொன்னால் எனக்கு விளங்கும் என்று நினைத்திருப்பா, பாவம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைக் கேட்டு அவவும் நிறுத்திவிட்டா. கடைசியில் ரிசீவரை வைத்துவிட்டா. நான் அப்பாவின் வேலையிடத்துக்கு எடுத்தேன், அடித்துக்கொண்டே இருந்தது. ஆசுப்பத்திரி, பொலிஸ், கார் என்று மனம் எங்கெல்லாமோ போனது. என் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று சொல்ல ஒரு மனிசி ஆயத்தமாக இருக்கிறா, அதைக் கேட்க எனக்குப் பாஷை இல்லை. வழமையாக இப்படி ஒன்று நடந்தால் நான் கூப்பிடுவது உன்னைத்தான்.

அப்போதுதான் மூலையில் இருக்கிற லோண்டரி ஞாபகம் வந்தது. எங்கள் மெஷின் பழுதாகி நின்றபோது நான் அங்கே உடுப்புக் கொண்டு போவேன். படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து துவைக்கிற ஒருத்தி அங்கே இருக்கிற டெலிபோனில் சத்தம் போட்டுக் கதைப்பாள். அது உன் கசெற் பாஷை. கோட்டும் போடாமல், வீட்டுச் செருப்போடு ஓடினேன். அவள் அங்கே நின்றாள். அவளோடு அதற்கு முதல் ஒரு தலையாட்டல் கூட இல்லை. போய்க் கையைப் பிடித்தேன். "மை சன். ஸ்பெயின். டெலிபோன். ப்ளீஸ்." இந்த நாட்டில் துணைக்கு நீ இல்லாமல் அந்நிய ஆள் ஒருவரோடு நான் வலியக் கதைத்த முதல் கதை அது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், சுற்றிக்கொண்டிருந்த மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஈரக் கையோடு என் பின்னால் வந்தாள். பெயர் லூஸ், ஊர் கொலம்பியா என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

எங்கள் ஹோலில் நான் நம்பரை அடித்துக் கொடுக்க, அவள் பிலாரோடு கதைத்தாள். நான் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் சுருங்கியது. தலை ஆடியது. இடையில் ஒருமுறை சிரித்தாள். சிரித்தவுடன் நான் படிக்கட்டில் இருந்துவிட்டேன். அவளுடைய இங்கிலீஷும் என் இங்கிலீஷும் ஒரே அளவுதான். ரிசீவரைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். ஆசுப்பத்திரி இல்லை. பொலிஸ் இல்லை. கவலை. கட்டிலை விட்டு எழும்பவில்லை. பள்ளிக்குப் போகவில்லை. கன நாளாகச் சாப்பிடவில்லை. கதவடியில் தட்டை வைத்தால் அப்படியே இருக்கிறது. அம்மாவுக்குச் சொல்லவா என்று கேட்டதற்கு, வேண்டாம், அவை சுகமாக இருக்கினம், குழப்பாதையுங்கோ என்று நீ சொன்னாயாம். இதைச் சொல்லிவிட்டு லூஸ் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். உன்னைக் கூப்பிடச் சொல்லி ரிசீவரை என்னிடம் தந்தாள்.

நீ வந்தாய். "அம்மா? என்னத்துக்கு எடுத்தனியள்? எனக்கொண்டுமில்லை. நான் சுகம்." உன் குரலும் நான் குளிக்கும்போது கேட்ட என் குரல் மாதிரித்தான் கரகரத்தது. நாங்களும் சுகம் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. "எனக்கு ஏலாமல் கிடக்குத் தம்பி" என்றேன். "நீ போனதிலை இருந்து நான் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. பகல் முழுக்கச் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறன். உனக்கு எழுதினதெல்லாம் பொய்." பிறகு நீ அழுகிற சத்தம் கேட்டது. எவ்வளவு பெரிய பிள்ளை, மீசை வைத்த பிள்ளை. லூஸ் குசினிக்குள் போய்த் தானே கேத்திலைப் போட்டாள்.

அதற்குப் பிறகு நீ கதைத்தாய். கூடப் படிக்கிறவை கூட்டமாகப் போகும்போது உன்னைக் கேட்பதில்லை என்றாய். எந்த ஊர் என்று கேட்டு, லண்டன் என்றால், இல்லை உண்மையில் எந்த ஊர் என்று திரும்பக் கேட்கிறார்கள் என்றாய். வகுப்பில் நீ வாய் திறந்தால் நேரத்தை வீணாக்குகிற மாதிரி வாத்தியார் யன்னலைப் பார்க்கிறார் என்றாய். "குசினியிலை எல்லாம் வந்தது அம்மா. இஞ்சை ஒண்டும் வருகுதில்லை." வாயில் வராத பாஷை ஒன்றை வைத்துக்கொண்டு ஊருக்குள் திரிகிறது எப்படி இருக்கும் என்று அந்த நிமிஷம் இந்த உலகத்தில் என்னை விட யாருக்கு விளங்கும்? "வராட்டி வராட்டும்" என்றேன். "நான் இண்டைக்கு மூண்டு நாலு சொல்லோடை ஒரு மனிசியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்திட்டன். உள்ளுக்கை நிண்டு தேத்தண்ணி போடுறாள்." நீ அழுகைக்குள்ளே சிரித்தாய். பிலார் உனக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறா. தட்டில் கரண்டி படும் சத்தம் எனக்குக் கேட்டது. "சாப்பிடு, நான் வைக்கமாட்டன்" என்றேன். நீ சாப்பிட்டு முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். நான் விளக்கேற்ற மறந்த ஒரேயொரு விளக்கீடு அதுதான்.

நீ ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஒரு பாடம் தவறியது. ஆனால் அதையும் எழுதினாய். அதற்குப் பிறகு வந்த கடிதங்களை அப்பா வாசித்துவிட்டு, "இதென்ன, முறைப்பாட்டுக் கடிதமோ" என்பார். அப்படிச் சொல்லிக்கொண்டே இரண்டாம் தரமும் வாசிப்பார். மாசியில் நீ திரும்பி வந்தபோது பிலார் தந்துவிட்ட கடலையும், அந்த ஊர்மேல் ஒரு பிரியமும் கொண்டுவந்தாய். லூஸ் கொஞ்சக் காலம் கிழமைக்கு ஒருமுறை வந்து போனாள், பிறகு வடக்கு லண்டன் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டாள். இரண்டு வருஷத்துக்கு முதல் அப்பாவுக்கு நெஞ்சில் வருத்தம் வந்து ஆசுப்பத்திரியில் கிடந்தபோது, "அவனுக்குச் சொல்லாதை, புது வேலை, குழம்பிப்போவான்" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். நான் அன்றைக்கே உனக்குச் சொன்னேன். அவர் என்னோடு ஒரு நாள் கோபம். நீ வந்து அவருக்குச் சவரம் செய்துவிட்டாய், பெரியப்பாவின் மாட்டுக் கதையைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தீர்கள். சொல்லாமல் விட்டிருந்தால் நீ அவருடைய சவப்பெட்டியைப் பார்க்கத்தான் வந்திருப்பாய். என் ஆயுளில் நான் சரியாகச் செய்த காரியம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அப்படிப்பட்டவள்தான் ஞாயிற்றுக்கிழமை 'எனக்கென்ன' என்று சொல்லிவிட்டேன். பழக்கம் அவ்வளவு லேசில் போகாது பார். இனி உண்மையைச் சொல்கிறேன். கோயில் இருக்கிறதுதான். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் குடும்பம் குடும்பமாகக் காரில் ஏறிப் போவார்கள். யாரும் கேட்டால், பஸ் வருகுது என்று சொல்லிவிட்டு நான் நடப்பேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இருட்டும் வரையான நேரம்தான் கஷ்டம். ஒருத்திக்குச் சமைக்க மனமில்லாமல் பாணும் சம்பலும் சாப்பிட்டுவிடுகிறேன். சில நாட்களில் சட்டன் போகிற பஸ்ஸில் ஏறி, கடைசி வரை போய், ஒன்றும் வாங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வருகிறேன். பஸ்ஸுக்குள் சனம் இருக்கும், அவ்வளவுதான். நீ மட்ரிட் போனால் சனிக்கிழமைகளும் மற்ற நாட்கள் மாதிரி ஆகிவிடும். எனக்கு அதில் பயம் இருக்கிறது.

இதை வாசித்துவிட்டு நீ போகாமல் நிற்கக் கூடாது. எனக்காக நின்றால், நின்றது எனக்காக இல்லை என்று நீ சொல்லுவாய். நீ நின்றதில் சந்தோஷம் என்று நான் சொல்லுவேன். மறுபடியும் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு டெலிபோனை வைப்போம். நீ அந்தப் பாஷையை விரும்பிப் படித்தவன், அந்த ஊர் உன்னை ஒருமுறை கீழே விழுத்தியும் அதன்மேல் ஆசை போகாதவன். போ. அங்கே சாப்பிட மனமில்லாத நாள் வரும். வந்தால் கதவைச் சாத்தாதே, பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவரிடம் உடைந்த பாஷையிலேயே சொல்லு. நீ வேலை செய்கிற கந்தோரில் யாராவது தனிய இருந்து சாப்பிட்டால் நீ போய்க் கேள், அவன் சுகம் என்று சொன்னாலும் இன்னொருமுறை கேள். வயதாகிறதே அம்மாவுக்கு, அங்கே கூப்பிடலாமா என்று யோசிப்பாய். இப்போது வேண்டாம். எனக்கு ஏலாமல் வரும்போது நானே சொல்லுகிறேன்.

கையெழுத்துப் போட முதல் இந்தச் சனிக்கிழமை வா. இரண்டு பேருக்குச் சமைப்பேன். நான் அழமாட்டேன் என்று வாக்குத் தர ஏலாது. அழுவதைப் பார்த்துவிட்டு, "அப்ப நான் போகேல்லை அம்மா" என்று மட்டும் சொல்லாதே. இருந்து சாப்பிடு. சாப்பிட்டுவிட்டு, கிளம்பு.

அம்மா